இருபது ‘இல்லை’

“வாயைத் திறக்காதீங்க. சட்டைக் கையைத்தான் மேல ஏத்தச் சொன்னேன்.”

எதிரே இருந்தவர் வாயை மூடினார். பல் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு இது வழக்கம்தான். வெள்ளைக் கோட்டு பக்கத்தில் வந்தால் வாய் தானாகத் திறந்துகொள்ளும். அவருடைய இடது கன்னம், உள்ளே எலுமிச்சம்பழத்தை ஒதுக்கி வைத்தது போல வீங்கியிருந்தது. அவள் பிரஷர் பட்டையை அவர் கையில் சுற்றினாள்.

“என்ன வேலை பாக்கறீங்க?”

“லிஃப்ட் மெக்கானிக்.”

“நல்லவேளை, எங்க கட்டடத்துல லிஃப்ட் இல்ல. இருந்திருந்தா நீங்க படியில ரெண்டு தடவை நின்னது எனக்குத் தெரியாமப் போயிருக்கும்.”

“போன் வந்துச்சு, நின்னேன்.”

“ரெண்டு திருப்பத்துலயுமா?”

மெக்கானிக் சுவரைப் பார்த்தார். சுவரில் பற்களின் படமும் நின்றுபோன கடிகாரமும் இருந்தன.

அது மாடிப்படிக்கு எதிரே உள்ள அறை. ஒரு நாற்காலி, ஒரு முக்காலி, பிரஷர் கருவி, எடை பார்க்கும் மெஷின். நாற்காலி நோயாளிக்கு, முக்காலி அவளுக்கு. முழங்காலும் முழங்காலும் இடிக்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டுதான் கேள்வி கேட்பாள். கதவைச் சாத்த மாட்டாள், வருகிறவர்கள் படியேறுவது தெரிய வேண்டும். முப்பத்திரண்டு படிகள். மூச்சு வாங்காமல் ஏறினவருக்குப் பாதிக் கேள்வி குறையும். கைப்பிடியைப் பிடித்து நின்று வந்தவருக்கு இரண்டு பங்காகும். இந்தக் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பதினெட்டு வருடங்களுக்கு முன் கருவிகளைக் கழுவி வேகவைக்கும் வேலைக்குத்தான் வந்தாள். ஆள் பற்றாத ஒரு நாள் நோயாளிகளிடம் விவரம் கேட்டு எழுத உட்கார வைத்தார்கள். “ஏதாவது வியாதி இருக்கா?” என்று கேட்டாள். எல்லாரும் இல்லை என்றார்கள். அவளும் எழுதினாள். மூன்றாம் நாள், இல்லை என்று சொன்ன ஒரு பெண் ஊசி போடுவதற்கு முன்பே வியர்த்துக் கொட்டி நாற்காலியில் சரிந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. பல்லைப் பிடுங்கினால் ரத்தம் வருமே என்று வெறும் வயிற்றில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். சர்க்கரைத் தண்ணீர் குடித்து எழுந்த பிறகு, “ஏம்மா சொல்லல?” என்று கேட்டதற்கு அந்தப் பெண் சொன்னாள்: “வியாதியான்னு கேட்டீங்க. எனக்குச் சர்க்கரைதானே.”

அன்றோடு அந்தக் கேள்வியை அவள் விட்டாள். அதற்குப் பிறகு கேட்டவை வேறு. காலையில் என்ன சாப்பிட்டீங்க, சாப்பிட்டதுக்கு அப்புறம் என்ன மாத்திரை போட்டீங்க, ராத்திரி எத்தனை தலையணை வச்சுப் படுக்கறீங்க, சவரம் பண்ணும்போது கீறினா எவ்வளவு நேரத்துல ரத்தம் நிக்குது, கடைசியா எப்போ ஆஸ்பத்திரியில படுத்தீங்க. கணுக்காலில் கட்டை விரலை அழுத்தி, பள்ளம் மறையும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். இதனால் உள்ளே அவளுக்கு இன்ஸ்பெக்டரம்மா என்று பேர். வீட்டில் மகள் சொல்வாள்: “எங்கம்மாகிட்ட தும்மினாக்கூட ஃபாரம் நிரப்பணும்.”

இந்த மாதம் புது மேனேஜர் வந்தார். முப்பது வயது இருக்கும். எல்லாரும் அவரை சார் என்றார்கள், அவள் மட்டும் தம்பி என்றாள். ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம் பேச்சா என்று முதல் நாளே அவர் முகத்தைச் சுளித்தார். இன்று காலை வரவேற்பு மேசையில் ஒரு டேப்லெட் வந்து உட்கார்ந்தது. அதில் இருபது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’ ஏற்கெனவே குறிக்கப்பட்டிருக்கும். ஆம் என்றால்தான் நோயாளி மாற்ற வேண்டும். கடைசியில் ‘சரிபார்த்தவர்’ என்ற இடத்தில் அவள் விரலால் கையெழுத்துப் போட வேண்டும். இனி அவள் வேலை அவ்வளவுதான்.

மெக்கானிக் தன் இருபது இல்லைகளையும் அரை நிமிடத்தில் முடித்துவிட்டு வந்திருந்தார். “அங்கேயே எல்லாம் முடிஞ்சுதே, மறுபடியும் எதுக்குக் கேள்வி?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

“மேல் பட்டனைக் கழட்டுங்க. வெயில் காலத்துல கழுத்துவரைக்கும் எதுக்குப் பட்டன்?”

“பழக்கம்.”

அப்போது படிக்கட்டின் கீழே ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரசர் நின்றது. பல் குடைகிற கருவிக்குக் காற்று நிரப்பும் அந்த இயந்திரம் நின்றால் மாடி முழுதும் ஒரு நிமிடம் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் அவளுக்கு ஒரு சத்தம் கேட்டது. டிக். டிக். டிக்.

சுவர்க் கடிகாரம் நின்று இரண்டு மாதம் ஆயிற்று. மெக்கானிக் கையில் கடிகாரம் இல்லை. அவள் எழுந்து மின்விசிறியை நிறுத்தினாள். சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்டது. சின்னதாக, உலோகம் உலோகத்தில் தட்டுவதுபோல, அவருடைய சட்டைக்குள்ளிருந்து. பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் ஒரு தடவை இந்தச் சத்தத்தை வேறொருவரிடம் கேட்டிருக்கிறாள்.

“வால்வு எப்போ வச்சாங்க?”

“எந்த வால்வு?”

“லிஃப்ட்டுக்குள்ள வச்சதையா கேப்பேன்? நெஞ்சுல.”

மெக்கானிக் மேல் பட்டனைக் கையால் மூடிக்கொண்டார். அவள் வெளியே எட்டிப்பார்த்தாள். பெஞ்சில் அவர் மனைவி கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“தங்கச்சி, கொஞ்சம் உள்ள வாங்க. இவருக்கு ஆபரேஷன் எப்போ ஆச்சு?”

“சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு,” என்றாள் அந்தப் பெண். சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

“போட்டு உடைச்சாச்சு,” என்றார் மெக்கானிக். கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மேல் பட்டனைக் கழற்றினார். நெஞ்சின் நடுவே நேர்கோடாகத் தழும்பு இறங்கியது, அதற்கு அடியில் இதயத்தில் வைத்த உலோக வால்வு தட்டிக்கொண்டிருந்தது. “ஒம்பது வருஷம் ஆச்சு. ஆபரேஷன் பண்ணினதாலதான் வியாதி போச்சு. அப்புறம் இல்லைன்னு போட்டா என்ன தப்பு?”

“தப்பு அதுல இல்ல. ரத்தம் கட்டாம இருக்க ஒரு மாத்திரை போடுவீங்களே, அது எங்க?”

மனைவி கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தாள். ஏழு நாளுக்கு ஏழு சின்னப் பெட்டிகள், மேலே நாளின் பெயர். அவள் அதை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்தாள். சனி முதல் புதன் வரை ஐந்து பெட்டிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு ரோஸ் மாத்திரை மட்டும் மிச்சம் இருந்தது. இன்று புதன்.

“அஞ்சு நாளா நிறுத்திட்டீங்களா? யார் சொன்னா?”

“யாரும் சொல்லல.” மெக்கானிக்கின் குரல் உயர்ந்தது. “மூணு இடத்துக்குப் போனேன். மூணு இடத்துலயும் உண்மையைச் சொன்னேன். மாத்திரை பேரைக் கேட்டதும் நாற்காலியிலிருந்து எழுப்பி விட்டாங்க. ரத்தம் நிக்காது, லெட்டர் வாங்கிட்டு வான்னாங்க. லெட்டர் வாங்கப் போனா அந்த டாக்டர் ஊர்ல இல்ல. மூணு வாரமா தூங்கல, சிஸ்டர். மாத்திரையாலதானே பல்லை எடுக்க மாட்டேங்கறாங்க? அதான் மாத்திரையை நிறுத்தினேன். உண்மையையும் நிறுத்தினேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. அந்த ஆள் மேல் வரவில்லை. அந்த மூன்று இடங்கள் மேல் வந்தது.

மேனேஜர் வாசலில் நின்றார். கையில் டேப்லெட். “அக்கா, உள்ள ஊசி ரெடியா இருக்கு. கையெழுத்துப் போடுங்க.”

“போட மாட்டேன்.”

“இருபதும் இல்லைன்னு அவரே போட்டிருக்காரு. பொறுப்பு அவருது.”

“சரிபார்த்தவர்னு என் பேர் இருக்கு தம்பி. நான் சரிபார்த்தேன். சரியில்ல. இதுல ‘சரியில்ல’ன்னு போட இடம் எங்க இருக்கு, காட்டுங்க.”

“அப்படி ஒரு இடம் இல்ல.”

“அப்போ என் கையெழுத்தும் இல்ல.”

மேனேஜர் மெக்கானிக்கைப் பார்த்து, “நீங்க வாங்க சார்,” என்றார். மெக்கானிக் எழுந்தார். வலிக்கிறவனுக்கு எந்தக் கதவு திறந்தாலும் போதும். அவள் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவள் உயரமானவள் அல்ல, மேனேஜரின் தோளுக்குத்தான் இருப்பாள்.

“நகருங்க அக்கா. இதுக்கெல்லாம் வேலை போகும்.”

“போகட்டும். என் வயசுல எனக்கு வேற எவனும் வேலை தர மாட்டான், அதுவும் தெரியும். அதைச் சொல்லி என்னை நகர்த்த முடியாது. இந்த ஆள் இன்னைக்கு அந்த நாற்காலியில உட்கார மாட்டார்.”

சத்தம் கேட்டு டாக்டரம்மா கையுறையோடு வந்தாள். அவள் இந்த ஆஸ்பத்திரியின் முதலாளியும்கூட. வெளியே இன்னும் ஒன்பது பேர் காத்திருந்தார்கள்.

“என்ன இங்க பஞ்சாயத்து?”

“கொஞ்ச நேரம் யாரும் பேசாம நில்லுங்க டாக்டர்.”

முதலாளியிடம் பேசுகிற பேச்சா இது என்று மேனேஜர் வாயைத் திறந்தார். கம்ப்ரசர் ஓடவில்லை. ஐந்து பேரும் அந்தச் சின்ன அறையில் நின்றார்கள். டிக், டிக் என்றது. டாக்டரம்மாவின் முகம் மாறியது. அவள் பார்வை மெக்கானிக்கின் திறந்த சட்டைக்கும், மேசையில் இருந்த மாத்திரை டப்பாவுக்கும் போயிற்று. ஐந்து ரோஸ் மாத்திரைகளையும் எண்ணினாள். ஒரு கையுறையைக் கழற்றினாள்.

“நல்ல வேலை பண்ணினீங்க,” என்றாள். பிறகு மெக்கானிக்கிடம், “இப்போ பல்லை எடுக்க முடியாது. உங்க ஹார்ட் டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க,” என்றாள்.

மெக்கானிக் சிரித்தார். வீங்கின கன்னத்தோடு சிரிப்பது எப்படி இருக்குமோ அப்படி. “நாலாவது இடம்,” என்றார் மனைவியிடம்.

அவள் கதவைவிட்டு நகரவில்லை.

“டாக்டர், இவரை அனுப்பவும் விட மாட்டேன்.”

“என்ன?”

“லெட்டர் லெட்டர்னு மூணு பேர் சொன்னதாலதான் இவர் மாத்திரையை நிறுத்தினார். நீங்களும் சொன்னீங்கன்னா அஞ்சு நாள் பத்து நாள் ஆகும். வால்வுல ரத்தம் கட்டிக்கிட்டா அப்புறம் லெட்டரை யார்கிட்ட கொடுக்கறது? இவர் சொன்னா அங்க கேக்க மாட்டாங்க. நீங்க டாக்டர், உங்க குரலுக்கு எடுப்பாங்க. போனை நீங்க போடுங்க.”

“வெளிய ஒம்பது பேர் இருக்காங்க.”

“ஒம்பது பேருக்கும் பல்வலி. பல்வலியால யாரும் பத்து நிமிஷத்துல போயிட மாட்டாங்க. நான் போய்ச் சொல்றேன், என்னைத் திட்டட்டும்.”

டாக்டரம்மா அவளைப் பார்த்தாள். பதினெட்டு வருடங்களில் அப்படி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இன்னொரு கையுறையையும் கழற்றிவிட்டு, மெக்கானிக்கின் மனைவியிடம் இதய ஆஸ்பத்திரியின் அட்டையைக் கேட்டாள்.

மூன்றாவது தடவைதான் அந்தப் பக்கம் எடுத்தார்கள். டாக்டரம்மா நின்றபடியே பேசினாள். ஐந்து நாள் என்றாள். வால்வு என்றாள். பல்லில் சீழ் என்றாள். அந்தப் பக்கத்துக் குரல் உயர்வது அறைக்கே கேட்டது. உடனே, நேராக, வழியில் எங்கும் நிற்காமல் வரச் சொன்னார்கள். படியில் நடக்க வைக்க வேண்டாம் என்று மெக்கானிக்கை நாற்காலியோடு தூக்க ஆள் கூப்பிட்டார்கள்.

“லிஃப்ட் இல்லாத கட்டடத்துல என்னைத் தூக்கிட்டுப் போறாங்க,” என்றார் மெக்கானிக். “எங்க கம்பெனியில தெரிஞ்சா மானம் போயிடும்.”

“வலியோட பேச்சு வேற,” என்றாள் அவர் மனைவி.

மேனேஜர் இன்னும் டேப்லெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் இருபது இல்லைகளும் அப்படியே இருந்தன.

“இதை என்ன பண்றது?”

“வச்சிருங்க தம்பி,” என்றாள் அவள். மின்விசிறியைப் போட்டுவிட்டு, திட்டு வாங்கிக்கொள்ள வெளியே போனாள்.

மறுநாள் அவள் எட்டே முக்காலுக்கு வந்தாள். முக்காலி அறையில் இல்லை. ஸ்டோர் ரூமில் அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. எடுத்துவந்து பழைய இடத்தில் போட்டாள். மேனேஜர் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் அவளுக்கு ஒரு விளக்கக் கடிதம் கேட்டு நோட்டீஸ் இருந்தது. ‘நோயாளியைப் பார்த்தேன், அதனால் கையெழுத்துப் போடவில்லை’ என்று அதன் அடியிலேயே எழுதித் திருப்பிக் கொடுத்தாள். டேப்லெட்டில் ‘இல்லை’கள் ஏற்கெனவே குறித்துதான் இருந்தன. பத்து மணிக்கு மெக்கானிக்கின் மனைவி போன் பண்ணினாள். ஊசி போட்டிருக்கிறார்கள், மாத்திரையை மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள், பல்லை அடுத்த வாரம் அங்கேயே எடுக்கப் போகிறார்கள், மாத்திரையை நிறுத்தாமலே எடுக்கலாமாம். பதினோரு மணிக்குள் ஐந்து பேர் படியேறினார்கள். நான்கு பேர் நிற்காமல் ஏறினார்கள். ஐந்தாவது ஆள் இரண்டாவது திருப்பத்தில் நின்றார். அவள் மின்விசிறியை நிறுத்தினாள்.