லிபோரியோவின் செவர்லே

கைபாரியென் மீன்பிடித் துறையில் கார் எஞ்சினைப் படகில் பொருத்தத் தெரிந்தவர்கள் நாலு பேர் இருந்தார்கள். ஆனால் எல்லோரும் போய் நிற்பது லிபோரியோவிடம்தான். மற்றவர்கள் ரேடியேட்டரைக் கழற்றி எறிந்துவிட்டுக் கடல் தண்ணீரையே எஞ்சினுக்குள் விடுவார்கள். இரண்டு வருடத்தில் உப்பு இரும்பைத் தின்றுவிடும். லிபோரியோ படகின் அடியில் செப்புக் குழாய் ஓட்டி, அதில் நல்ல தண்ணீரைச் சுற்றவிடுவான். என் படகில் அவன் வைத்த பிளிமத் கார் எஞ்சின் இன்றைக்கும் ஓடுகிறது.

அப்படிப்பட்டவனுக்குப் படகில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். துறைமுக எல்லை மிதவையை அவன் தாண்டியதே இல்லை. சோதனை ஓட்டத்துக்கு மனைவி ஒனேலியாதான் போவாள்; மீனவன் மகள். திரும்பி வந்து, எஞ்சின் எங்கே இருமியது, எங்கே மூச்சு வாங்கியது என்று அவள் சொல்லச் சொல்ல, இவன் திருகாணியைத் திருகுவான்.

அவர்களுடைய ஒரே மகள் கல்யாணமாகி, வடக்கே கடலுக்கு அந்தப்பக்கம் வேறு நாட்டில் இருக்கும் டாம்பாவுக்குப் போய்விட்டாள். அங்கே அவளுக்குக் குழந்தை பிறந்தது. போய்ப் பார்க்க அனுமதி கேட்டு ஒனேலியா இரண்டு முறை விண்ணப்பித்தாள். இரண்டு முறையும் இல்லை என்று வந்தது. பெட்ரோல் கிடைக்காத வருடங்கள் அவை. ஒனேலியாவின் அண்ணன் அமாதோ, லிபோரியோவின் கொல்லையில் ஓடாமல் நின்ற செவர்லே காரின் எஞ்சினைத் தன் படகில் வைத்துத் தரச் சொன்னான். டாங்கி மட்டும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வேண்டும் என்றான்.

அவ்வளவு பெட்ரோல் எந்தக் கரைக்கு என்று லிபோரியோவுக்குப் புரிந்தது. பதினைந்து நாள் வேலையை இரண்டு மாதம் செய்தான். கடைசியில் ஒனேலியாவே வாயைத் திறந்தாள்.

"நானும் அண்ணன்கூட மககிட்டப் போறேன், கிழவா. நீயும் வா."

"நான் வந்தா வாந்தியெடுத்துக்கிட்டுக் கிடப்பேன். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா யாரு பாக்குறது? நிக்காத மாதிரி பண்ணித் தர்றேன், நீ போ."

அப்போது அவனுக்கு நாற்பத்தொன்பது வயது. அடுத்த வாரம் முழுக்க இருவரும் அந்த எஞ்சினைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு கார்புரேட்டரைப் பிரிக்கும் அளவுக்கு அவள் தேறிவிட்டாள்.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் படகு போனது. லிபோரியோ அலைதடுப்புக் கல்லில் நின்று, சத்தம் தேய்ந்து மறையும்வரை கேட்டான். ஆறு சிலிண்டரும் ஒழுங்காக அடித்தன என்று மட்டும் என்னிடம் சொன்னான். ஒன்பது நாள் சேதி இல்லை. ஸ்பேனரை எடுப்பான், வைப்பான். பத்தாம் நாள் மருந்துக்கடைக்காரர் வீட்டுக்கு ஒனேலியாவின் போன் வந்தது. இவன் கேட்ட முதல் கேள்வி: "சூடேறுச்சா?"

"ஏறல. பம்போட ரப்பர் ஒருதடவை கிழிஞ்சுது. நீ சொன்ன மாதிரியே மாத்துனேன்."



அதன்பிறகு சோதனை ஓட்டத்துக்கு வேறு யார் போய் வந்து சொன்னாலும் அவனுக்கு விளங்கவில்லை. 'நல்லாத்தான் ஓடுது' என்பார்கள். அது அவனுக்கு ஒரு பதிலா? தானே ஏற ஆரம்பித்தான். முதல் வருடம் மிதவையைத் தாண்டுமுன்பே வயிற்றில் இருந்ததெல்லாம் வெளியே போனது. மூன்றாம் வருடம் வாந்தி குறைந்தது. ஐந்தாம் வருடம் என் படகில் ஃபிராகோசோ தீவுவரை வந்தான். நாள் முழுக்க முகம் வெளிறியிருந்தது, ஆனால் வாந்தி எடுக்கவில்லை. தீவுக்கு அப்பால் வடக்கே திறந்த கடலைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அன்னிக்கே இப்படிப் பழகியிருக்கலாம்" என்றான்.

அனுமதியில்லாமல் போன ஒனேலியா திரும்பி வர முடியாது; ஞாயிறுதோறும் போனில் கூப்பிட்டாள். அவனும் விண்ணப்பித்தான், அவனுக்கும் இரண்டு முறை இல்லை என்றுதான் வந்தது. பேரன் பள்ளிக்கூடம் போனான், வளர்ந்தான், மீசை முளைத்தது, எல்லாமே போட்டோவில். கட்டிலில் அவள் படுத்த பக்கத்தில் அவன் படுப்பதில்லை என்று ஒருமுறை வாய்தவறிச் சொன்னான்.

பதினெட்டாவது வருடம் அனுமதி கிடைத்தது. ஸ்பேனர் பெட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, சாந்தா கிளாராவில் விமானம் ஏறினான். பிறகு அவன் போனில் பேசியபோது, அங்கே இறங்கியதும் ஒனேலியாவிடம் என்ன பேசினாய் என்று கேட்டேன்.

"என் சட்டைக் காலர் மடங்கியிருந்துச்சு, சரிபண்ணிவிட்டா. அப்புறம் நடந்தோம்" என்றான்.