கன்னத்து மச்சம்

அட்டைக்கடிக்குப் பயந்து மலையேறாமலே, கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைத் தயாரித்த மடையன் நான். வெளிநாட்டுக் கண்காட்சிக்காக அரசாங்கம் எங்கள் தேயிலைச் சங்கத்துக்கு உதவிப்பணம் தந்திருந்தது. விளம்பர முகத்தைக் கம்ப்யூட்டரையே வரையச் சொன்னேன். அழகுக்காக இடது கன்னத்தில் மச்சம் வைத்தது மட்டும் என் கைவேலை.

கண்காட்சியில் தேயிலை வாங்க வந்தவர்களோ அந்தப் பெண்ணோடு பேசினால்தான் வியாபாரம் என்றுவிட்டார்கள். கொஞ்சம் சாயலுள்ள யாராவது அகப்படமாட்டார்களா என்று தேயிலை மலையான மஸ்கெலியாவுக்கு பஸ் ஏறினேன்.

பனிமூட்டத்துக்குள் ஒரு பெண் தனியே கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அதே முகம். அதே மச்சம். அழிகிறதா என்று பார்ப்பதுபோல அதை விரலால் தேய்த்துக்கொண்டே சொன்னார்: "சார், உங்க கால்ல அட்ட ஏறுது பாருங்க."

நான் குனியவில்லை. "இந்த மச்சம் பொறந்ததுலருந்தே இருக்காம்மா?"

"நீங்க வச்சதுதானுங்களே, சார்."