ஜெஸிமா எண்ணிய அடுப்புகள்

மேலே இருந்து பார்த்தால் மாட்டுக்கொட்டகையும் வீடுதான். வரைபடம் தயாரித்த நிறுவனத்துக்கு அப்படித்தான் தெரிந்திருக்கிறது. கொள்ளிடத்துக்கு வடக்கே சேந்தன்குறிச்சி வயல்வெளியில் இருநூற்றுச் சொச்சம் கூரைகளைக் கண்டு, அத்தனையையும் வீடு என்று புள்ளி வைத்துவிட்டார்கள். இத்தனை வீடு வந்தபிறகு அது என்ன வயல்? நூற்று நாற்பது ஏக்கர் நஞ்சைக்கும் குடியிருப்புப் பகுதி என்று மஞ்சள் பூசியாகிவிட்டது. மண்டலக் கூட்டத்தில் ஒப்புதல் கிடைத்தால் தீர்ந்தது கதை.

அந்தப் படம் சரிபார்ப்புக்காகத் திருச்சி திட்ட அலுவலகத்தில் ஜெஸிமாவின் மேஜைக்கு வந்தது. எல்லைக்கோடு சரியா, எழுத்துப்பிழை உண்டா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். மற்றவர்கள் அதைத்தான் செய்வார்கள். ஜெஸிமா கொஞ்சம் பிடிவாதக்காரி. பாதையே இல்லாத நடு வயலில் யார் குடியிருப்பார்கள் என்று அவளுக்கு உறுத்தியது. மறுநாள் காலை சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறிவிட்டாள்.

ஐந்து நாள் வரப்பிலேயே நடந்தாள். புள்ளி வைத்த கூரைகளில் முக்கால்வாசி மோட்டார் ஷெட். மீதி மாட்டுக்கொட்டகையும் வைக்கோல் கொட்டகையும். மனிதர் குடியிருந்தது பதினொன்றில்தான்.

ஊருக்குள் வந்தால் கதை தலைகீழ். அங்கே தொண்ணூற்றாறு வீடு என்றது படம். தண்ணீர் கேட்டு முதல் வீட்டுக்குள் போனவள் மூன்று அடுப்புகளைப் பார்த்தாள். மாமியாருக்கு ஒன்று, மூத்த மகன் குடும்பத்துக்கு ஒன்று, கொல்லையில் தகரத்துக்கு அடியில் இளையவன் குடும்பத்துக்கு ஒன்று. அதோடு கூரைகளை விட்டுவிட்டு அடுப்புகளை எண்ணத் தொடங்கினாள். நூற்று ஐம்பத்தெட்டு வந்தது. அறுபத்திரண்டு குடும்பங்களுக்குத் தனி வீடு இல்லை. படத்தில் அவர்களே இல்லை. இவ்வளவு படித்து ஆபீஸ் போய் அடுப்பா எண்ணுகிறாய் என்று அவள் அம்மா ரோஷன் பேகம் கேலி செய்தார்.

வயலைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. இந்த ஊர்க் கணக்கில் இருநூறு புது வீட்டுக்கு இடம் காட்டியே ஆகவேண்டும் என்பது மண்டலத்தின் பிடி. ரோட்டோரம் முள் மண்டிக் கிடந்த ஒன்பது ஏக்கர் மேட்டுப் புறம்போக்கை ஜெஸிமா காட்டினாள். ஆனால் பஞ்சாயத்துத் தலைவி கமலவல்லி, வீட்டுக்கு ஐந்து சென்ட்டுக்குக் குறைந்தால் பேச்சே வேண்டாம் என்றார். தெருவுக்கும் பொது இடத்துக்கும் விட்டதுபோக, ஐந்து சென்ட் கொடுத்தால் நூறு வீடுதான் தேறும். மிச்சம் நூறுக்கு மறுபடியும் வயலில்தான் கைவைப்பார்கள்.

ஜெஸிமா பிறந்து வளர்ந்தது பழைய நகரத்துச் சந்து ஒன்றில். அங்கே ஒரு வீட்டுச் சுவர்தான் அடுத்த வீட்டுக்கும் சுவர். இரண்டரை சென்ட்டில் மாடி எடுத்துக் கௌரவமாக வாழலாம் என்று அவள் விளக்கினாள்.

"வாழலாங்க. மாட்டை எங்கே கட்டுறது? மாடியிலயா?" என்றார் கமலவல்லி.

நியாயமான கேள்வி. ஜெஸிமா படத்தைச் சுருட்டிக்கொண்டு திரும்பினாள். அடுத்த முறை புதுப் படத்தோடு போனாள்: வீட்டுக்கு இரண்டரை சென்ட், ஊர் மாடுகளுக்கெல்லாம் சேர்த்து நாற்பது சென்ட்டில் பொதுக் கொட்டகை. கமலவல்லி அதை வெகுநேரம் பார்த்தார். கொட்டகைக்குத் தண்ணீர்த் தொட்டியையும் இப்போதே வரைந்து காட்டச் சொன்னார். வரைந்தபிறகுதான் கையெழுத்துப் போட்டார். நிலத்துக்கு விலை ஏறும் என்று காத்திருந்த நாலைந்து பேர் மட்டும் முகம் கொடுக்கவில்லை.

கூட்டத்தில் மண்டல அதிகாரி பிரவீன்ராஜ் அவளுடைய அறிக்கையைப் புரட்டினார். அடுப்பை எண்ண வேண்டும் என்று எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டார். ஜெஸிமா எழுந்து நின்றாள்.

"விதியில இல்ல சார். ஆனா கூரையை எண்ணினா கூரைதான் தெரியுது. அடுப்பை எண்ணினாத்தான் குடும்பம் தெரியுது. அதுல சந்தேகம் இருந்தா என்கூட ஒருநாள் ஊருக்கு வாங்க."

அவர் வந்தார். அரைநாள் வரப்பில் நடந்து, ஏழு மோட்டார் ஷெட்டைப் பார்த்தபிறகு சிரித்துவிட்டார். அடுத்த கூட்டத்தில் நூற்று நாற்பது ஏக்கரும் பச்சைக்குத் திரும்பியது. மேட்டில் இருநூறு வீட்டுக்கு ஒப்புதல் ஆனது. முதல் அறுபத்திரண்டு மனை அந்த அடுப்புக்காரர்களுக்கு.

ஜெஸிமாவுக்குக் கர்வம் வந்தது. வரட்டுமே, நடந்து சம்பாதித்த கர்வம்தானே.

பிரவீன்ராஜ் அத்தோடு கோப்பை மூடவில்லை. இன்னும் இருபத்திரண்டு ஊர்களின் படம் அதே நிறுவனத்திடமிருந்து வந்திருந்தது. கணக்கெடுப்புப் படிவத்தை எடுத்து, 'கூரைகள்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் தன் கையாலேயே 'அடுப்புகள்' என்று எழுதினார். இத்தனை ஊரையும் யார் நடந்து எண்ணுவது என்று கேட்டார். எல்லாரும் குனிந்துகொண்டார்கள்.

"நான் போறேன் சார்" என்றாள் ஜெஸிமா.