கோடுபளே டப்பா

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரே ஒரு மாணவனை வைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினேன். மாணவன் என் தம்பி, வயது ஆறு. மைசூர் மண்டி மொஹல்லாவில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில் வகுப்பு. சம்பளம் கிடையாது, விடுமுறையும் கிடையாது.

தம்பிக்கு ஆட்டிசம். நாலைந்து வார்த்தைகளுக்கு மேல் பேசமாட்டான். அவன் வகுப்பில் உட்காரத் தயாராக இருக்கிறானா என்று சிறப்புக் குழந்தைகளுக்கான ஒரு மையத்தில் சோதித்து எழுதி வாங்கி வந்தால் சேர்த்துக்கொள்கிறோம், இல்லையென்றால் அடுத்த வருடம் வாருங்கள் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். போன வருடமும் இதையேதான் சொன்னார்கள். அன்று வீட்டுக்கு வந்த அம்மா நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றாமல் சமையலறையில் நின்று அழுததை நான் பார்த்திருந்தேன். இந்தத் தடவை விடுவதில்லை என்று முடிவு கட்டினேன். என்னை யாரும் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

துணி கிளிப்புகளை வைத்து நிறம் கற்றுக்கொடுத்தேன். பெயர் கூப்பிட்டால் கை தூக்கப் பழக்கினேன். டிபன் டப்பா திறப்பதுதான் தகராறு. மூடியின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பான். எனக்குப் பொறுமை ஏது? வெடுக்கென்று பிடுங்கித் திறந்து கொடுத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். "பெரிய டீச்சரம்மா!" என்று அப்பா கேலி செய்வார். நான் கண்டுகொள்ளவில்லை.

மையத்துக்கு நானும் அடம்பிடித்துப் போனேன். அவனைச் சோதிக்க வேண்டிய மேடம் தரையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார். கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழும் கலந்து பேசினார். என்னைப் 'புட்டி', அதாவது சின்னப் பெண்ணே, என்றுதான் கூப்பிட்டார். நீலக் கட்டையைக் கேட்டபோது தம்பி என்னைப் பார்த்தான். நான் நீலக் கட்டையைப் பார்த்தேன். அவன் எடுத்துவிட்டான். சிவப்பும் அப்படியே ஆயிற்று. மூன்றாவதில் மேடம் பிடித்துவிட்டார்.

"புட்டி, நீ சொல்ப வெளியே உக்காரம்மா. அம்மாவும் வரட்டும்."

காப்பியடித்துப் பிடிபட்டவள் மாதிரி எனக்கு முகம் எரிந்தது. வெளியே பெஞ்சில் ஏறி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா கொண்டுவந்திருந்த கோடுபளேயை மேடம் ஒரு டப்பாவில் போட்டு இறுக்கி மூடி அவன் முன்னால் வைத்தார். அது வளையம் வளையமாக இருக்கும் காரப் பலகாரம். விரலில் மாட்டிக்கொண்டு தின்பதற்காக அவன் எதையும் செய்வான்.

ஆனால் மூடி வரவில்லை. தட்டினான். உருட்டினான். தொண்டைக்குள் முனகிக்கொண்டே நான் இல்லாத கதவைப் பார்த்தான். மேடமோ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார். கல் நெஞ்சுக்காரி என்று மனதுக்குள் திட்டினேன். பொறுக்க முடியாமல் ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினேன்.

"டேய், கொண்டா இங்க!"

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வலித்தது.

"கைய எடுடி. அவன் பண்ணட்டும்."

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. தம்பி எழுந்து டப்பாவை மேடத்தின் மடியில் வைத்தான். அவர் முகத்தை அவன் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைத் தூக்கி மூடியின் மேல் வைத்தான். மேடம் திறந்து கொடுத்துவிட்டு எதையோ எழுதினார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். விரல் நிறைய கோடுபளேயோடு உட்கார்ந்திருந்த தம்பியைக் கிள்ளலாம் போல் இருந்தது.

"அழாதம்மா. மூடி தெறக்க நான் கத்துக் குடுத்துடறேன்."

"நீ ஒண்ணும் குடுக்க வேணாம், சும்மா இரு" என்றார் அம்மா. சொல்லும்போதே ஏன் சிரித்தார் என்று எனக்குப் புரியவில்லை.

பள்ளியில் அவனைச் சேர்த்துக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொடுத்த நிறங்களால்தான் இடம் கிடைத்தது என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் மறுக்கவில்லை.

போன மாதம் அவனுடைய கல்லூரி விண்ணப்பத்துக்காக அந்தப் பழைய ஃபைலை எடுத்தேன். நிறங்களுக்கு நேராகக் கேள்விக்குறி போட்டிருந்தது. கீழே மேடத்தின் கையெழுத்தில் இரண்டு வரிகள் இருந்தன. தனக்கு முடியாதபோது அறிமுகமில்லாத பெரியவரிடம் உதவி கேட்கிறான், வகுப்பில் உட்காரத் தயார் என்பது முதல் வரி.

அக்கா பக்கத்தில் இருக்கும்போது கேட்பதில்லை, அவள் கேட்கவிடுவதில்லை என்பது இரண்டாவது.