ஹெட்லைட் மாற்றிய நாள்

ஒர்க்‌ஷாப்பில் என் பழைய காருக்கு வயரிங் மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஈயம் உருகும் வாடை வந்ததும், ஸ்ரீரங்கத்து வீட்டு வாசலில் இதே காரின் பானெட்டுக்குள் தலையை விட்டபடி அம்மா நின்றது கண்முன் வந்துவிட்டது.

1960களில் அம்மா இந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு மண்ணச்சநல்லூர் போய், அரிசி மில் பெண்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்தாள். மில் விட்ட பிறகுதான் அவர்களால் வர முடியும். அப்பாவோ, "ஹெட்லைட் மங்கலா இருக்கு, பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்கு வந்துடணும்" என்பார். சீட்டாடிவிட்டு அவர் எந்நேரம் திரும்பினாலும் அதே விளக்கு அவருக்குப் போதும்.

அம்மா வாதாடவில்லை. மெக்கானிக்கை வீட்டுக்கே கூட்டி வந்தாள். நூல் சுற்றிய பழைய வயர்களை உருவிப் போட்டுவிட்டுத் தடித்த வயர் இழுக்கச் சொன்னாள். பல்பையும் மாற்றினாள். ஒவ்வொரு இணைப்பையும் தானே இழுத்துப் பார்த்தாள்.

மறுநாள் வகுப்பு முடிந்து, நன்றாக இருட்டிய பிறகு கொள்ளிடப் பாலம் தாண்டி வந்தோம். பக்கத்து சீட்டில் நான். வாசலில் நின்ற அப்பா கையால் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"அணைச்சுத் தொலைடி! கண்ணு கூசுது."

"நல்லாத் தெரியுதுல்ல? இனிமே தினம் இந்த நேரம்தான் வருவேன்."

ஒர்க்‌ஷாப்பில் என் மகன் எலக்ட்ரீஷியனிடம் சொன்னான்: "சும்மா பேருக்கு ஒரு லைட் மாட்டுங்க. அம்மா இந்த வயசுல ராத்திரியில ஓட்ட மாட்டாங்க."

"இருக்கறதுலயே பிரகாசமானதைப் போடுங்க தம்பி," என்றேன். "இருட்டினப்புறம் வந்து நானே ஓட்டிட்டுப் போறேன்."