சுந்தரராமன் காது சிவந்தால்

பஸ் கண்டக்டர் கொடுத்த சில்லறையைச் சுந்தரராமன் எண்ணிக்கொண்டிருக்கிறார். இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. ஆனால் இரண்டாம் தடவை எண்ணி முடிக்காமல் மனிதர் நகரமாட்டார். கணக்கு ஆபீசில் எனக்குப் பக்கத்து மேசை. அரைப் பக்க வவுச்சரைக்கூட மறுபடி மறுபடி சரிபார்ப்பார். திருவனந்தபுரத்தில் இவரை ஏமாற்ற ஆள் பிறக்கவில்லை என்று நீங்கள் நினைத்தால், ஒரு பழைய செம்புக் காசை அவர் கையில் வைத்துப் பாருங்கள்.

முதலில் நிறம் பார்ப்பார். பளபளவென்று சிவந்திருந்தால் தீர்ந்தது. "கிராதகன், புளி போட்டுத் தேச்சிருக்கான்! தோலையே உரிச்சுட்டானே ஓய்!" என்று என்னைத் திட்டுவார், தேய்த்தவன் நான்தான் என்பதுபோல. அடுத்தது விளிம்பு. குழந்தையின் அரைஞாணில் கட்ட யாராவது துளை போட்டிருந்தால், "காசுக்குக் காது குத்தியாச்சு, தூர வையும்" என்பார். கடைசியில் வெயிலில் உயர்த்திப் பிடித்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்பார்.

பழைய திருவிதாங்கூர் சக்கரம் என்ற செம்புக் காசில் ஒரு பக்கம் சங்கு இருக்கும். அது செல்லாமல் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எத்தனையோ கை மாறியதில் சங்கு வழவழவென்று தேய்ந்திருக்கும். அவர் வீட்டுத் தகரப் பெட்டியில் இருப்பவை எல்லாம் அப்படிப்பட்ட மொட்டைச் சங்குகள்தான். வரி கலையாத சங்கு ஒன்று வேண்டும். வாழ்க்கையில் அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

கிடைக்காததற்குக் காரணம் அவருடைய காது. நல்ல காசைக் கண்டால் இரண்டு காதும் சிவந்துவிடும். "சாதாரணமாக்கும்" என்று வாய் சொல்லும். குதிகால் தரையில் நிற்காது. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே பழைய செம்பு, பித்தளை வாங்கி விற்கும் பிச்சைக்கனி, எந்தக் காசு வந்தாலும் முதலில் இவரிடம்தான் நீட்டுவார். "சாமிக்க காதுதான் நமக்கு ரேட்டு" என்று என்னிடமே சொல்லிச் சிரித்திருக்கிறார். காது சிவந்தால் விலை இவருக்கு எட்டாமல் ஏறும். காசு மெட்ராஸ் வியாபாரிக்குப் போய்விடும்.

போன மாதம் ஒரு நாள் மத்தியானம், மூச்சிரைக்க என் மேசைக்கு வந்தார்.

"ஓய் வேல்சாமி! பிச்சைக்கனி தட்டுல ஒரு சங்குக் காசு கிடக்கு! நடந்துண்டே பார்த்தேன். நின்னா காரியம் கெட்டுடும்னு ஓடி வந்துட்டேன். நாளைக்கு மெட்ராஸ்காரன் வந்து வாரிண்டு போயிடுவான். நீர்தான் போய் வாங்கணும்."

"நான் எதுக்கு சார்?"

"உம்ம மூஞ்சி இருக்கே, சம்பளம் வாங்கறச்சேயும் அப்படியேதான் இருக்கும். அதுதான் வேணும். வாயைத் திறந்து ஒண்ணும் மிண்டப்படாது, கேட்டேளா!"

ஏற்பாடு இதுதான்: அவர் கோயில் வாசலில் தேங்காயோடு நிற்பார். காசு கைக்கு வந்ததும் நான் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நேர்ந்துகொண்ட காயை அவர் உடைத்துவிடுவார்.

கடையில் போய் ஒரு குத்துவிளக்கை விலை கேட்டேன். பிறகு, போகிறபோக்கில் தட்டைக் கிளறிச் சங்குக் காசை எடுத்தேன். "அதுவா? பழைய சக்கரம். பதினஞ்சு ரூவா குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் பிச்சைக்கனி, தராசைத் துடைத்தபடியே. பேசாமல் பணத்தைக் கொடுத்திருக்கலாம். ஆனால் இத்தனை வருஷம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தவன் அல்லவா? நிறம் பார்த்தேன். நல்ல பழுப்பு, புளி தொடவில்லை. விளிம்பில் ஒரு கீறல்கூட இல்லை, துளையும் இல்லை. வெயிலில் உயர்த்திச் சாய்த்தேன். அடடா! வரி வரியாக, நேற்று அடித்ததுபோல ஒரு சங்கு! மனிதர் ஏன் குதிக்கிறார் என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

எதிர்ப்பக்கம் தேங்காய் சிதறியது.

கையைத் தூக்கினேன் இல்லையா? வாங்கியாயிற்று என்று நினைத்துவிட்டார். இரண்டு பஸ்களுக்கு நடுவே புகுந்து, "கிடைச்சுடுத்தா? வரி இருக்கா? ஓய், வரி இருக்கா?" என்று கூவிக்கொண்டே ஓடி வந்து என் கையிலிருந்த காசைப் பறித்துக்கொண்டார். பிச்சைக்கனி தராசைக் கீழே வைத்தார். காசை அவர் பார்க்கவே இல்லை. சுந்தரராமன் காதைத்தான் பார்த்தார். இரண்டும் செம்பருத்தியாக இருந்தன.

"எண்பது ரூவா, சாமி."

எனக்கு எரிச்சலாக வந்தது. "இப்பத்தானவே பதினஞ்சுன்னு சொன்னீரு?"

"அது நான் சொன்னது. இது காது சொல்லுது."

"வாங்க சார், போவோம். தானா இறங்கி வருவாரு" என்று சுந்தரராமன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. இடது கையில் காசை வெயிலுக்குச் சாய்த்துக்கொண்டே, வலது கையால் சட்டைப் பையிலிருந்து பர்ஸை எடுத்தார். எண்ணவில்லை. திறக்கக்கூட இல்லை. சங்கை விட்டுக் கண்ணை எடுக்காமல், பர்ஸை அப்படியே பிச்சைக்கனியிடம் நீட்டினார்.