மகள் வேலை பார்த்த மலையூர்

ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து அந்த மலையூருக்கு நாலரை மணி நேரம். ஒரே வருஷத்தில் நானும் என் மனைவியும் நான்கு முறை போய் வந்தோம். எங்களுக்குப் பனிச்சறுக்கு தெரியாது, மலை ஏறுகிற முழங்காலும் இல்லை. மகள் அங்கே இருந்தாள், அதனால் போனோம்.

நல்ல வேலையில் இருந்தவள் ஒருநாள் அதை விட்டுவிட்டு வந்து நின்றாள். மலையில், பனிச்சறுக்குக்கு வருகிறவர்களை மேலே ஏற்றிவிடும் ஸ்கீ லிஃப்ட் இயக்கும் வேலைக்குப் போகப் போவதாகச் சொன்னாள். நான் கத்தினேன்.

"நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? போறதுன்னா அப்படியே போயிடு. திரும்பி இந்த வீட்டுக்கு வராதே."

அவள் தமிழ் பேசமாட்டாள். ஆனால் எல்லாம் புரியும். "ஓகே அப்பா" என்றாள். அந்த வார இறுதியிலேயே கிளம்பிவிட்டாள்.

இரண்டு மாதம் பேச்சில்லை. பிறகு என் மனைவி சொன்னாள்: "அவளைத்தான் வராதேன்னீங்க. நாம போகக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."

ஜனவரியில், பனியில் வழுக்காமலிருக்க டயர்களுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு மலை ஏறினோம். ஊரே வெள்ளையாகக் கிடந்தது. சுற்றிப்பார்க்க வருகிறவர்களைக் கம்பிவடத்தில் தொங்கியபடி மேலே கொண்டுபோகும் கண்ணாடிக் கூண்டின் வாசலில் மகள் நின்றிருந்தாள். நாங்களும் வரிசையில் நின்றோம். எங்கள் முறை வந்தபோது, எல்லோரிடமும் சொல்வதுபோல "வாட்ச் யுவர் ஸ்டெப்" என்றாள். ஆனால் அம்மாவின் கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். மேலே போகும்வரை என் மனைவி அழுதுகொண்டே வந்தாள். "க்ளவுஸ்கூட போடலைங்க. கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

ஏப்ரலில் பனி உருகி ஊரெல்லாம் சேறு. கூட்டம் இல்லாததால் அவளுக்கு ஓய்வு இருந்தது. எங்கள் விடுதி அறைக்கு வந்து, கட்டிலில் சம்மணமிட்டு, அம்மா கொண்டுவந்த புளியோதரையைச் சாப்பிட்டாள். குப்பைத்தொட்டியைத் திறக்கக் கற்றுக்கொண்ட கரடியைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சரி, இங்க இருந்தது போதும். எப்ப வீட்டுக்கு வர்றே?"

டப்பாவை மூடினாள். "யூ டோல்ட் மீ நாட் டு."

குரலில் கோபமே இல்லை. ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்க அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. நான் சொன்னது வேறு: "கோவத்துல சொன்னதையெல்லாம் பிடிச்சுக்கிட்டுத் தொங்குவியா?" அவள் ஷூவை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜூலையில் ஏரிக்கரை முழுக்கக் கூட்டம், சைக்கிள்கள். எங்கோ காடு எரிந்த புகை வானத்தில் மங்கலாக நின்றது. மதிய உணவு இடைவேளையில் அரை மணி நேரம் கொடுத்தாள். காரில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பை நான் கேட்கவில்லை. அவளுடைய காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "டயர் தேஞ்சிருக்கு, மாத்திடு" என்றேன். தலையாட்டினாள்.

அக்டோபரில் மலைச்சரிவு முழுக்க மஞ்சள் இலைகள். விடுதிக்கார அம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். எல்லாப் பருவத்திலும் வந்துவிட்டீர்கள், இந்த ஊர் அவ்வளவு பிடித்துவிட்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கூண்டு வாசலில் வேறொரு பெண் நின்றிருந்தாள். மகளின் பெயரைச் சொல்லிக் கேட்டோம். போன மாதமே போய்விட்டாள், எங்கே என்று தெரியாது என்றாள். நாங்கள் யார் என்று சொன்னதும் குழம்பினாள். தன் அப்பா அம்மா இந்தியாவில் இருப்பதாக மகள் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருந்தாளாம்.

கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியே போனை எடுத்து "மன்னிச்சிடும்மா" என்று தட்டினேன். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுங்க."

அழித்துவிட்டு ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். போய்ச் சேரவில்லை என்று வந்தது. மனைவி தன் போனிலிருந்து கூப்பிட்டாள். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக்குரல். அவள் மறுபடியும் மறுபடியும் கூப்பிட்டாள். நான் தடுக்கவில்லை.

அறைக்கு இன்னும் ஒரு நாள் பாக்கியிருந்தது. தங்காமல் இறங்கினோம். பாதி மலையில் என் மனைவி, "அன்னிக்கு நீங்க அப்படிக் கத்தாம இருந்திருக்கலாம்" என்றாள். அந்த வருஷத்தில் ஒருமுறைகூட அவள் அதைச் சொன்னதில்லை. நான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் போய்விட்டது. மகளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.